புது ஆக்சிஜன் சென்சார் போட்டு நாலே நாளில் மறுபடியும் மஞ்சள் லைட்

மருதமலை · திங்கள், இரவு 9.20

வணக்கம். 2014 மாடல் கார், 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர். 86,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கோவை ஊருக்குள் 15 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, மூன்று மாதமாக 11-ஐத் தாண்டவில்லை. போன வாரம் செக் எஞ்சின் லைட்டும் வந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்து ஒர்க் ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி0171, அதாவது கலவை மிகவும் லீன். "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார்" என்றார்கள். சென்சார் 4,200, கூலி 600. மாற்றி, அந்தக் கோட் எண்ணை அழித்துக் கொடுத்தார்கள். நாலாம் நாள் அவிநாசி ரோட்டில் சிக்னலில் நிற்கிறேன், அதே லைட், அதே கோட். திரும்பப் போனால் "அப்போ இன்ஜெக்டராக இருக்கும்" என்கிறார்கள்.

இன்னொரு குழப்பம். லீன் என்றால் பெட்ரோல் கம்மி, காற்று அதிகம் என்றுதானே அர்த்தம்? கம்மியாகக் குடிக்கிற வண்டிக்கு மைலேஜ் எப்படிக் குறையும்?

கேஸ்கட்_மாமா · திங்கள், இரவு 9.48

தம்பி, முதலில் ஒன்று. பி0171 என்பது சென்சார் பார்த்த விஷயம். சென்சார் கெட்டது என்று அது சொல்லவில்லை. புகைக் குழாயில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று சென்சார் இரண்டு. முன் சென்சாரோ அதன் ஒயரிங்கோ கெட்டிருந்தால் பி0130 முதல் பி0135 வரைக்குள் ஏதாவது வந்திருக்கும். ஹீட்டர் போனால் பி0135, மந்தமாகிவிட்டால் பி0133. பால் பொங்குகிறது என்று ஓடிவந்து சொன்ன பிள்ளையை அடித்திருக்கிறார்கள்.

பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டரில் இப்போது கை வைக்க விடாதே. ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஷார்ட் டெர்ம் டிரிம், லாங் டெர்ம் டிரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு; முன்னது அந்த நேரத்துக்கு, பின்னது பழகிப்போனது) இரண்டையும் ஐடிலிங்கில் ஒரு தடவை, 2,500 ஆர்பிஎம்மில் ஒரு தடவை எடுத்துப் போடு. பழைய சென்சாரைத் திருப்பி வாங்கினாயா? வாங்கு.

எத்தனால்_எதிரி · திங்கள், இரவு 10.05

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? 2014 வண்டியில் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், ஊற்றினால் இதுதான் நடக்கும். லீன் கோட், மைலேஜ் காலி. எல்லாம் பெட்ரோல் பங்கில் இருந்து வருகிற வியாதி.

லாம்டா · திங்கள், இரவு 11.30

மருதமலை கேட்ட கேள்விதான் இதில் முக்கியமானது. பதில் கொஞ்சம் நீளும்.

இந்தச் சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதே இல்லை. அதற்குத் தெரிந்தது ஆக்சிஜன் மட்டும்தான். உள்ளே விரல் நுனி அளவுக்கு ஒரு பீங்கான் குப்பி இருக்கும். சிர்கோனியாவில் கொஞ்சம் இட்ரியா கலந்து செய்தது, இரண்டு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்பக்கம் சைலன்சர் புகையில் நனைந்துகொண்டிருக்கும், உள்பக்கம் வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஏறக்குறைய 300 டிகிரிக்கு மேல் சூடானால் இந்தப் பீங்கானுக்குள் ஆக்சிஜன் அயனிகள் நகர ஆரம்பிக்கும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், புகையில் மிகக் குறைவு. அந்த வித்தியாசம்தான் வோல்டேஜாக வருகிறது. சின்ன பேட்டரி என்றே வைத்துக்கொள்ளலாம்.

புகையில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால், அதாவது லீன் என்றால், 0.1 வோல்ட் அல்லது அதற்கும் கீழே. ரிச், அதாவது பெட்ரோல் அதிகமான கலவை என்றால் இருந்த ஆக்சிஜன் எல்லாம் எரிந்து தீர்ந்திருக்கும், அப்போது 0.8, 0.9. இந்த இரண்டுக்கும் நடுவே சரிவு கிடையாது, செங்குத்தான பள்ளம்தான். சரியான கலவையைத் தாண்டும் இடத்தில் புகையின் ஆக்சிஜன் அழுத்தம் கோடி கோடி மடங்கு விழுந்துவிடுகிறது. அதனால் 0.45-க்கு மேலா கீழா என்று மட்டும்தான் எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியு பார்க்கும். மேலே போனால் பெட்ரோலைக் கொஞ்சம் குறைக்கும், கீழே வந்தால் கொஞ்சம் கூட்டும். நல்ல சென்சாரில் அந்தக் கோடு விடாமல் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

இந்த வோல்டேஜுக்கான சமன்பாட்டை வால்தர் நெர்ன்ஸ்ட் 1889-லேயே கொடுத்துவிட்டார். அவரே 1897 வாக்கில் ஒரு மின்விளக்கும் செய்தார். சூடாக்கினால் மின்சாரம் கடத்துகிற ஒரு பீங்கான் கம்பிதான் அதன் இழை. எந்தப் பீங்கான் தெரியுமா? சிர்கோனியாவும் இட்ரியாவும். கார் எஞ்சினுக்கு அது வந்து சேர 1976 ஆனது. போஷ் செய்த சென்சாரோடு வால்வோவின் 240 வரிசைக் கார்கள் கலிஃபோர்னியாவுக்காக வந்தன. அங்கே புகை விதிகள் அந்த அளவுக்குக் கறார்.

சரி, மைலேஜ் கதை. சென்சார் "ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது" என்றால் ஈசியு அதை "பெட்ரோல் போதவில்லை" என்று படிக்கிறது. உடனே கூட்டிக் கொடுக்கிறது. அந்த ஆக்சிஜன் உண்மையிலேயே எஞ்சினுக்குள் இருந்து வந்திருந்தால் சரி. வேறு வழியாக வந்திருந்தால்? ஈசியு தேவையில்லாமல் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும். கோட் லீன் என்று சொல்லும், வண்டி ரிச்சாக ஓடும், மைலேஜ் படுத்துவிடும்.

எத்தனால்_எதிரிக்கு: கலக்காத பெட்ரோலுக்கு ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். கணக்குப் போட்டால் இ10-க்கு 14.1, இ20-க்கு 13.5 வாக்கில் வரும். இ10-ல் பழகிய வண்டிக்கு இ20 ஊற்றினால் டிரிம் நாலு, ஐந்து சதவீதம் ஏறும். மைலேஜும் அதே அளவில் சில சதவீதம் குறையும். 15 எப்படி 11 ஆகும்? பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ்களை இ20 என்ன செய்யும் என்பது நியாயமான கவலை, அதைத் தனியாகப் பேசலாம். இந்தக் கோட் வருவதற்கு அது காரணமாகத் தெரியவில்லை.

எத்தனால்_எதிரி · செவ்வாய், காலை 7.10

நாலைந்து சதவீதம் என்பதை ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம் 🙂 சரி, டிரிம் வரட்டும்.

மருதமலை · செவ்வாய், இரவு 8.35

ஸ்கேனர் வாங்கிவிட்டேன். எஞ்சின் சூடான பிறகு எடுத்தது:

ஐடிலிங்: லாங் டெர்ம் +21, ஷார்ட் டெர்ம் +3-க்கும் +6-க்கும் நடுவே.
2,500-ல்: லாங் டெர்ம் +6, ஷார்ட் டெர்ம் பூஜ்யத்தை ஒட்டி.

முன் சென்சார் 0.1-க்கும் 0.8-க்கும் நடுவே குதிக்கிறது. பின் சென்சார் 0.65-ல் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. பின் சென்சார் செத்துவிட்டதா?

கேஸ்கட்_மாமா · செவ்வாய், இரவு 8.50

பின்னது நிற்கத்தான் வேண்டும். அது புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குக் காவல். உள்ளே ஆக்சிஜனைப் பிடித்து வைத்து விடுகிற வேலையைக் கன்வெர்ட்டர் ஒழுங்காகச் செய்தால், முன்னால் எவ்வளவு குதித்தாலும் பின்னால் அமைதி. முன்னதைப் போலவே பின்னதும் குதித்தால்தான் கவலை, அப்போது பி0420 வரும். உன் கன்வெர்ட்டர் பிழைத்திருக்கிறது. அது போயிருந்தால் சென்சார் விலை எல்லாம் சில்லறை.

டிரிம் கதை சொல்கிறது. ஐடிலிங்கில் 21, ரேஸ் கொடுத்தால் 6. பெட்ரோல் பம்போ இன்ஜெக்டரோ என்றால் தலைகீழாக இருக்கும். லோடு ஏற ஏறத்தான் பெட்ரோல் போதாமல் போகும். இ20 என்றால் இரண்டு இடத்திலும் ஒரே அளவு காட்டும். இது எங்கிருந்தோ காற்று நுழைகிற கேஸ்.

சந்தேகப்பிராணி · செவ்வாய், இரவு 9.15

அப்போ வாக்யூம் லீக், எஞ்சினுக்குள் காற்று போகிற பாதையில் ஓட்டை. இன்டேக் மேனிஃபோல்டு, பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஐடிலிங்கில் எஞ்சின் கொஞ்சமாகத்தான் காற்று இழுக்கும், அதனால் ஓட்டைக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். ரேஸ் கொடுத்தால் கரைந்துவிடும். கணக்கு அப்படியே பொருந்துகிறது.

லாம்டா · செவ்வாய், இரவு 9.40

பொருந்துகிறது. ஆனால் எக்ஸாஸ்ட் லீக்குக்கும், அதாவது புகை வெளியே போகிற பாதையில் ஓட்டை இருந்தாலும், இதே கணக்குப் பொருந்தும். சென்சாருக்கு முன்னால் மேனிஃபோல்டில் ஓட்டை இருந்தால் புகை வெளியே போவது மட்டுமில்லை, காற்றும் உள்ளே வரும். புகை சீராக ஓடுவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு சின்ன உறிஞ்சல் உண்டு. ஐடிலிங்கில் துடிப்புகளுக்கு நடுவே நேரம் அதிகம், அதனால் உறிஞ்சலும் அதிகம்.

சந்தேகப்பிராணி · செவ்வாய், இரவு 9.52

அப்படியென்றால் பிரித்துக் காட்ட வழி இருக்கிறதே. முன் சென்சாரைக் காற்று ஏமாற்றியிருந்தால் பின் சென்சார் ரிச் என்று காட்டியிருக்க வேண்டும், 0.8-க்கு மேல். அது 0.65-ல்தான் நிற்கிறது. ஆகவே எக்ஸாஸ்ட் லீக் இல்லை.

லாம்டா · செவ்வாய், இரவு 10.20

இங்கே பலர் சறுக்குவார்கள், நானும் ஒரு காலத்தில் சறுக்கியிருக்கிறேன். முன் சென்சாரே தவறாகக் காட்டுகிறது என்றால் நீங்கள் சொல்வது சரி, பின்னது காட்டிக்கொடுக்கும். ஆனால் ஓட்டை இரண்டுக்கும் முன்னால் இருந்தால், நுழைந்த காற்று புகையோடு கலந்து இரண்டையும் தாண்டித்தான் போகிறது. ஈசியு முன் சென்சார் திருப்தியாகும் வரை பெட்ரோலைக் கூட்டும். கடைசியில் ரிச் புகையும் திருட்டுக் காற்றும் சேர்ந்து கணக்கு சரியாகிவிடும். கூடுதல் பெட்ரோல் மிச்சத்தைக் கன்வெர்ட்டர் அந்தக் காற்றோடு எரித்துவிடும். பின் சென்சாருக்குப் புகார் சொல்ல எதுவும் இருக்காது. இரண்டு சாட்சிக்கும் ஒரே பொய்யைச் சொல்லிக் கொடுத்தது போலத்தான்.

இதை ஸ்கேனரை மட்டும் வைத்துக்கொண்டு பிரிப்பது கஷ்டம்.

கார்புரேட்டர்_காலம் · புதன், காலை 5.50

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள் சார்.

1995 ஏப்ரலில் சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் காருக்குக் கன்வெர்ட்டர் கட்டாயம் என்று வந்தது. அதற்கு முன்னால் எங்களிடம் ஏது ஸ்கேனர்? ஸ்குரூ டிரைவரும் காதும் பிளக்கும்தான். கலவை சரியாக இருந்தால் பிளக் நுனி பிஸ்கட் நிறம். லீன் என்றால் வெளுத்திருக்கும். ரிச் என்றால் அடுப்புக் கரி.

வாக்யூம் லீக் என்றால் காற்று சிலிண்டருக்குள்ளேயே போகிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிச் சரிக்கட்டிவிடும், பிளக் பிஸ்கட் நிறத்திலேயே இருக்கும். மைலேஜும் இந்த அளவுக்கு விழாது. எக்ஸாஸ்ட் லீக் என்றால் அந்தக் காற்று சிலிண்டருக்குள் போகவே இல்லை, கூட்டிய பெட்ரோல் மட்டும் போயிருக்கும். பிளக் கரியாக இருக்கும்.

லாம்டா · புதன், காலை 7.30

கும்பிடுகிறேன் சார். சிலிண்டருக்குள் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

மருதமலை · புதன், இரவு 8.10

கரி. நாலு பிளக்கும். விரலால் தொட்டால் காய்ந்த மைபோல ஒட்டுகிறது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. நாலாவது மற்றதைவிடக் கொஞ்சம் மோசம்.

இன்னொன்று, இதைச் சொல்ல மறந்துவிட்டேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும், ஐந்து நிமிடத்தில் போய்விடும். டேப்பட் என்று நினைத்திருந்தேன்.

கேஸ்கட்_மாமா · புதன், இரவு 8.22

அடப்பாவி, இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே! குளிரில் சத்தம், சூடானதும் நின்றுவிடுகிறது என்றால், இரும்பு சூட்டில் விரிந்து ஓட்டையை மூடுகிறது. ஆனால் முழுசாக மூடாது, சத்தம் மட்டும்தான் அடங்கும். மூன்று மாதத்துக்கு முன் மேனிஃபோல்டை யாராவது கழற்றினார்களா?

மருதமலை · புதன், இரவு 8.30

ஹெட் கேஸ்கட் மாற்றினேன். வேறொரு ஒர்க் ஷாப். சரியாக மூன்று மாதம்.

கேஸ்கட்_மாமா · புதன், இரவு 8.47

அவ்வளவுதான் விஷயம். மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டுப் பழைய கேஸ்கட்டையே திருப்பிப் போட்டிருப்பார்கள்.

நாளைக் காலை எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது செய். வேக்குவம் கிளீனரில் காற்று ஊதுகிற பக்கத்தில் ஹோஸை மாட்டி, சைலன்சர் வாயில் வைத்துத் துணியைச் சுற்றிக்கொள். மேனிஃபோல்டின் மேல் தகட்டைக் கழற்றிவிட்டு, ஹெட்டோடு சேரும் இடமெல்லாம் சோப்புத் தண்ணீர் தெளி. எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

சிஎன்ஜி_ஓட்டி · புதன், இரவு 9.05

நடுவில் ஒரு சந்தேகம். என் டாக்ஸி சிஎன்ஜியில் ஓடுகிறது. அதற்கும் இதே சென்சார்தானா? சிஎன்ஜியில் மட்டும் அடிக்கடி லீன் கோட் வருகிறது, பெட்ரோலில் வருவதில்லை.

லாம்டா · புதன், இரவு 9.25

இதே சென்சார்தான். ஒரு கிலோ கேஸுக்கு 17.2 கிலோ காற்று வேண்டும், பெட்ரோலுக்கு 14.7. சென்சாருக்கு அந்த எண்கள் தெரியாது, தெரியவும் வேண்டாம். மிச்ச ஆக்சிஜனை மட்டும் சொல்லும், மற்றதை ஈசியு பார்த்துக்கொள்ளும்.

சிஎன்ஜியைப் பற்ற வைக்கப் பெட்ரோலைவிடப் பலமான பொறி வேண்டும். பிளக்கோ காயிலோ தளர்ந்திருந்தால் பெட்ரோலில் சமாளித்துவிடும், கேஸில் அவ்வப்போது பற்றாமல் விட்டுவிடும். பற்றாத சிலிண்டரில் இருந்து என்ன வெளியே வரும்? எரியாத கேஸ், கூடவே அதற்கான முழு ஆக்சிஜன். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து "லீன்" என்று கத்தும், ஈசியு எரியாத கேஸோடு இன்னும் கேஸைச் சேர்த்து அனுப்பும். முதலில் பிளக்கையும் காயிலையும் பாருங்கள், அப்புறம் கேஸ் ஃபில்டர்.

யாழ்_கராச் · வியாழன், காலை 10.15

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்களிடம் வருவதெல்லாம் பெரும்பாலும் யப்பான் வாகனம்தான். ஒரு ஹைபிரிட்டில் முன் சென்சார் 3.3 வோல்ட்டில் அசையாமல் நிற்கிறது. நீங்கள் சொல்லும் 0.1, 0.9 ஒன்றும் இல்லை. பெற்றோல் கூட்டினால் வோல்டேஜ் குறைகிறது! வாகனக்காரரிடம் மாற்றச் சொல்லிவிட்டேன், இதைப் படித்த பிறகு யோசனையாக இருக்கிறது.

லாம்டா · வியாழன், மதியம் 1.10

அண்ணே, மாற்ற வேண்டாம்! அது வேறு ஜாதி. காற்று-எரிபொருள் விகித சென்சார் என்பார்கள், வைட்பேண்ட் குடும்பம். ரிச்சா லீனா என்பதோடு எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்றும் சொல்லும். அது வோல்டேஜை உண்டாக்கிக் கொடுப்பதில்லை. பீங்கான் வழியாக எவ்வளவு ஆக்சிஜன் நகர்கிறது என்பதை மின்னோட்டமாக அளப்பது. ஈசியு அதை வோல்ட்டாக்கிக் காட்டும்போது 3.3 என்பது சரியான கலவை, மேலே போனால் லீன், கீழே வந்தால் ரிச். நீங்கள் பார்த்தது எல்லாமே ஆரோக்கியத்தின் அடையாளம். பழைய வகை அசையாமல் நின்றால் நோய், இது அலைந்தால்தான் நோய்.

யாழ்_கராச் · வியாழன், மதியம் 1.32

பெரிய உபகாரம். வாகனக்காரருக்கு இப்பவே கோல் எடுக்கிறேன்.

மருதமலை · சனி, மாலை 6.40

நாலாவது சிலிண்டர் பக்கம் சோப்புத் தண்ணீர் அடித்ததும் இட்லி மாவு பொங்குவது போல நுரை தள்ளியது. கழற்றிப் பார்த்தால் பழைய கேஸ்கட்தான், அந்த ஓரத்தில் அரித்து நாக்குப் போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஹெட்டின் முகத்தில் கருப்பாகப் புகை ஓடிய தடம். ஒரு ஸ்டட்டில் நட்டே இல்லை. கேஸ்கட் 480 ரூபாய், நட்டு 20 ரூபாய். மேனிஃபோல்டைக் கழற்றி மாட்ட 900. பிளக் நாலும் புதிது.

டிரிம் இப்போது ஐடிலிங்கில் +3, 2,500-ல் +2. டிக் டிக் போய்விட்டது. காலையில் வீட்டு வாசலில் அடித்துக்கொண்டிருந்த பெட்ரோல் வாடையும் இல்லை.

கேஸ்கட்_மாமா · சனி, மாலை 7.15

ஹெட் வேலை நடந்ததால் ஒன்று கேட்கிறேன், சிலிகான் பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருக்கிறார்களா? சென்சாருக்கு ஏற்றது இல்லை என்றால், அந்த ஆவி சென்சார் நுனியில் வெள்ளைப் படலமாகப் படிந்து குருடாக்கிவிடும். இன்னொரு விஷயம் எல்லோருக்கும்: விலை கம்மி என்று பொது வகைச் சென்சார் வாங்கி ஒயரை ஒட்டினால் ஈயப் பற்று வைக்காதீர்கள், கிரிம்ப் செய்யுங்கள். பல சென்சார்கள் உள்பக்கத்து வெளிக்காற்றை அந்த ஒயரின் இழைகளுக்கு நடுவே இருந்துதான் இழுக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். கனெக்டருக்குள் கிரீசும் அப்பாதீர்கள். கழற்றும்போது எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கட்டும், 22 ஸ்பேனர்.

மருதமலை · ஞாயிறு, மதியம் 12.05

பழைய சென்சாரைத் திருப்பி வாங்கிவிட்டேன். மாமா இன்பாக்ஸில் சொல்லிக் கொடுத்தபடி கேஸ் அடுப்பில் சோதித்தேன். கருப்பு ஒயரிலும் சாம்பல் ஒயரிலும் மல்டிமீட்டர், உடம்பைக் கொறடாவால் பிடித்து, நுனி மட்டும் நீலத் தீயின் உள்கூம்புக்கு மேல். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் 0.2, 0.5 என்று ஏறி 0.84-ல் போய் நின்றது. தீயை விட்டு எடுத்ததும் சர்ரென்று கீழே. திரும்ப வைத்தால் மறுபடி மேலே. ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தேன், வீட்டில் சாம்பாருக்கு அடுப்பு காலியாகும் வரை திட்டு.

4,200 ரூபாய் கொடுத்து நல்ல சென்சாரைத்தான் கழற்றியிருக்கிறேன்.

கார்புரேட்டர்_காலம் · ஞாயிறு, மதியம் 12.40

ஊறுகாய் பாட்டிலில் போட்டு வையுங்கள். 86,000 ஓடியது, இன்னும் ஓடும்.

எத்தனால்_எதிரி · ஞாயிறு, மதியம் 1.00

மைலேஜ் இப்போது எவ்வளவு? 15 வந்ததா?

மருதமலை · ஞாயிறு, மதியம் 1.20

இன்னும் ஒரு டேங்க் ஓட்டவில்லை. வந்ததும் போடுகிறேன். 14.4 வந்தால் மிச்சம் உங்கள் கணக்கில்.